அரை இஞ்சும் ஆறு வாரமும்

டெய்லரக்காவின் உச்சந்தலையை அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். முகத்தைக் கேட்டால் யோசிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சலவைக் கடையின் உள்பக்கத்தில், நீராவி இஸ்திரி மேசையைத் தாண்டினால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி, மூன்று பலகைக் கண்ணாடி. வாடிக்கையாளர் பெட்டியின் மேல் ஏறி நின்று கண்ணாடியில் தன் அழகைத் தானே ரசித்துக்கொண்டிருப்பார். டெய்லரக்கா தரையில் மண்டிபோட்டு, வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, அவருடைய பேன்ட்டின் அடியை மடித்துக்கொண்டிருப்பாள். வாயில் குண்டூசியோடு இருப்பவளிடம் யார் பேச்சுக் கொடுப்பார்கள்? "குனியாதீங்க, நேரா பாருங்க" என்பதை மட்டும் அவள் பல்லிடுக்கில் சொல்வாள். குனிந்தால் அளவு மாறிவிடும். ஆக, பத்தொன்பது வருடமாக எல்லோரிடமும் என்னைப் பார்க்காதே என்று அவளேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வயது ஐம்பத்து நாலு. கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள், விமானம் ஏறிப் போக வேண்டிய தூரத்தில் வேலையும் கைக்குழந்தையுமாக அல்லாடுகிறாள். டெய்லரக்காவுக்கு மூன்றாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. சனிக்கிழமை சாயங்காலம் கடையை விட்டுக் கிளம்பும்போது முதலாளியிடம் "வரேன் தம்பி" என்று சொல்வதுதான் அந்த வாரத்தின் கடைசிப் பேச்சு. ஞாயிறு முழுக்க டிவி பேசும், இவள் கேட்டுக்கொண்டிருப்பாள். திங்கட்கிழமை காலையில் முதல் வார்த்தை துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி கரகரவென்று வரும். அதற்காகவே படியிறங்கும்போது இரண்டு தடவை இருமித் தொண்டையைத் தயார் செய்துகொள்வாள். தனிமை என்றெல்லாம் அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. தொண்டை வறட்சி என்று வைத்திருந்தாள்.

அவளிடம் பேச்சுக் கொடுத்த வாடிக்கையாளர் ஒரே ஒருவர்தான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். முதலாளி அவருக்கு அரை இஞ்ச் என்று பெயர் வைத்திருந்தார். சாம்பல் நிறப் பேன்ட் ஒன்றைக் கொண்டுவந்து அரை இஞ்ச் இறக்கச் சொல்வார். பத்து நாள் கழித்து அதையே அரை இஞ்ச் ஏற்றச் சொல்லிக் கொண்டுவருவார். பெட்டியில் ஏற்றி நிறுத்தினால் கண்ணாடி பக்கம் திரும்பவே மாட்டார். குனிந்து, "அம்மா, வாய்ல ஊசி இருக்கும்போது தும்மல் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்பார். "குனியாதீங்கய்யா" என்பாள் இவள். ஒரு தடவை, "முன்னெல்லாம் இதை வீட்லயே தச்சுக் குடுத்துடுவாங்க" என்றார். யார் என்று டெய்லரக்கா கேட்கவில்லை. வாயில் குண்டூசி.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அதே பேன்ட்டைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்து, பேரும் போன் நம்பரும் சீட்டில் எழுதிக்கொண்டே, தையல் விட்டுப் போச்சு என்றார். முதலாளிக்குச் சொல்லவா வேண்டும்? வாய் நமநமவென்று இருக்கும் ஆள். "என்னக்கா, உங்க தையலே விட்டுப் போச்சாம்ல!" என்று கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படி குரல் கொடுத்தார். டெய்லரக்காவை என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வாள். தையலைச் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். வெளியே வந்து பேன்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஐயா, தேஞ்சு போன நூலு பிசிறடிக்கும். இது பாருங்க, வரிசையா ஒரே மாதிரி அறுந்திருக்கு. பிளேடு போட்டிருக்கீங்க. இது என் தையல் விட்டதில்ல, நீங்க விட்டது."

நாலு பேரும் சிரித்தார்கள். முதலாளி கொஞ்சம் கூடவே சிரித்தார். அரை இஞ்ச் சிரிக்கவில்லை. "ஆமாம்மா, தப்புதான்" என்றார். குடையை எடுத்துக்கொண்டார். பேன்ட்டை எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே அதை இரட்டை நூலில், ஜென்மத்துக்கும் பிரியாதபடி தைத்து, உறை போட்டு, சீட்டுக் குத்தி மாட்டினாள் டெய்லரக்கா. வாங்க ஆள் வராத துணிகளுக்கென்று பின்சுவரில் ஒரு கம்பி உண்டு. இரண்டு மாதத்தில் அது அந்தக் கம்பிக்குப் போய்விட்டது. பிளேடு போடும் அளவுக்கு அந்த மனிதருக்கு என்ன வந்தது என்று அவள் அப்போது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தாள்.

புருவ விஷயம் மகளின் யோசனை.

"அம்மா, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடியேன். உன் நெத்தி மட்டும்தான் தெரியுது."

தள்ளிப் பிடித்தாள்.

"ஐயோ, புருவம் எங்கம்மா?"

தைராய்டு மாத்திரை ஆரம்பித்த வருடம் புருவத்தின் வால்பகுதி இரண்டு பக்கமும் உதிர்ந்து போனது. மிச்சமிருந்ததும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. காலையில் பென்சிலால் வரைந்துகொண்டு போவாள். இஸ்திரி மேசையின் நீராவியில் மத்தியானத்துக்குள் ஒரு புருவம் காதுவரை நடந்து போயிருக்கும். யாரும் சொன்னதில்லை. சாயங்காலம் வீட்டுக் கண்ணாடியில் பார்த்து அவளே துடைத்துக்கொள்வாள்.

"உன் பொறந்த நாளுக்கு நான் புக் பண்ணிட்டேன்" என்றாள் மகள். "மைக்ரோபிளேடிங். சின்னச் சின்ன முடி மாதிரி கீறி சாயம் வைப்பாங்க. ஒண்ணரை வருஷம் நிக்கும்."

"பச்சை குத்தறதா? இந்த வயசுல என்னை யாருடி பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்ல?" என்றாள் மகள். அதற்குள் குழந்தை அழுதது, போன் நின்றது.

அந்த இடம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வெள்ளைச் சுவர். காகித விரிப்புப் போட்ட சாய்வுக் கட்டில். தலைக்கு மேல் வளையமாக ஒரு விளக்கு. சக்கரம் வைத்த முக்காலியில் உருண்டபடி வந்தாள் அந்த அழகுக்கலைப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். முடியை இழுத்துக் கொண்டை போட்டு, பாதி முகத்தை மாஸ்க்கால் மூடியிருந்தாள். வளவளவென்று பேசுகிற ஆளில்லை. டெய்லரக்கா மனசுக்குள் அவளுக்குப் புருவக்காரி என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

"முதல்ல நேரா உக்காருங்கக்கா. படுத்துட்டா முகம் மாறிடும், அளவு தப்பாயிடும். குனியாதீங்க. என்னையே பாருங்க."

குனியாதீங்க என்பது டெய்லரக்காவுக்குப் பழகிய வசனம். என்னையே பாருங்க என்பது புதுசு. பார்த்தாள். ஒரு சாண் தூரத்தில் இரண்டு கண்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவசரமே இல்லாமல், இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கும், நெற்றியிலிருந்து மூக்குக்கும் போய்ப் போய் வந்தன. எங்கே பார்வையை வைப்பது என்று டெய்லரக்காவுக்குத் தெரியவில்லை.

புருவக்காரி ஒரு டப்பாவைத் திறந்து மையில் தோய்த்த நூலை எடுத்தாள். இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்து நெற்றியில் வைத்து எடுத்தாள். நேர்கோடு விழுந்தது. அப்புறம் மூக்கு நடுவில் ஒன்று. கண் கடைசியில் ஒன்று.

"நூலா போடறீங்க!" என்றாள் டெய்லரக்கா.

"ஆமாக்கா. கை கோணும், நூல் கோணாது." புருவக்காரி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "உங்க வலது புருவ எலும்பு மேல தசை கொஞ்சம் தூக்கலா இருக்கு. இடது கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கற வேலையா உங்களுக்கு? ஊசியில நூல் கோக்கற மாதிரி?"

பத்தொன்பது வருடம் ஒரே தெருவில் வேலை செய்கிறாள். இறக்கி ஏற்றிய பேன்ட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் ஊரைச் சுற்றி வரும். அவள் முகத்தைப் பார்த்து அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்ன முதல் ஆள் இந்தப் பெண்.

"டெய்லர்மா நான்" என்றாள். திங்கட்கிழமைக் குரல் வந்தது. இருமிவிட்டு இன்னொரு தடவை சொன்னாள்.

மரத்துப்போகும் க்ரீம் பூசி, அரைமணி நேரம் விட்டு, படுக்கவைத்து ஆரம்பித்தாள் புருவக்காரி. ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீறினாள். சரக், சரக் என்று காகிதத்தில் பேனா ஓடுகிற சத்தம். வலி அதிகமில்லை. இரண்டு மணி நேரம் அந்த விரல்கள் அவள் நெற்றியை விட்டு நகரவில்லை. கணவர் போன பிறகு அவள் முகத்தை வேறொரு கை தொட்டது அன்றைக்குத்தான். அது தெரிந்த கணத்தில் டெய்லரக்காவின் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது.

"வலிக்குதாக்கா? இன்னும் க்ரீம் வைக்கட்டா?"

"இல்லம்மா. விளக்கு கூசுது."

"அழுதுடாதீங்க, சாயம் கலங்கிடும்" என்றாள் புருவக்காரி. பஞ்சால் ஒற்றிவிட்டுப் பழையபடி கீறத் தொடங்கினாள்.

முடிந்ததும் கண்ணாடி கொடுத்தாள். டெய்லரக்கா பார்த்தாள். முடி முடியாகப் புருவம். வால் இருந்தது. இருபத்தெட்டு வயதில் எடுத்த ரேஷன் அட்டைப் புகைப்படத்தில் இருந்த பெண் கொஞ்சம் வயதாகித் திரும்பி வந்திருந்தாள்.

"பத்து நாளைக்குத் தண்ணி படக்கூடாது, ஆவி படக்கூடாது. அஞ்சாறு நாள்ல பக்கு கட்டும். அரிக்கும். கை வைக்கவே கூடாது. பிச்சீங்கன்னா பக்கோட சாயமும் வந்துடும். ஆறு வாரம் கழிச்சு ரெண்டாவது தடவ, விட்டுப்போன எடத்தை நிரப்பறதுக்கு."

"ஆறு வாரத்துல கண்டிப்பா வந்துடறேன்மா."

"முதல்ல போட்டோ அனுப்புங்க. உங்க தோல் நல்ல தோலு. ஒழுங்கா ஆறிட்டா ரெண்டாவது தடவையே தேவைப்படாது. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

நல்ல செய்திதான் சொன்னாள் பாவம். டெய்லரக்கா படியிறங்கும்போது அது மட்டும்தான் காதில் நின்றது. தேவைப்படாது.

மறுநாள் கடைக்கு இருபது நிமிடம் முன்னாலேயே போய்விட்டாள். முதல் மூன்று நாளைக்குச் சாயம் அடர்த்தியாகத் தெரியும் என்று புருவக்காரி சொல்லியிருந்தாள். உண்மையிலேயே கரியால் இழுத்த மாதிரிதான் இருந்தது. இதைப் பார்க்காமல் இருக்க ஒருவன் குருடனாக இருக்க வேண்டும். முதலாளி ஷட்டரைத் தூக்கியவர் அவளைப் பார்த்தார். நின்றார். டெய்லரக்கா முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"என்னக்கா, காலங்காத்தால கோவமா இருக்கீங்க? நான் ஒண்ணும் சொல்லலையே."

"நான் எங்க தம்பி கோவமா இருக்கேன்" என்று உள்ளே போய் மெஷின் மூடியைக் கழற்றினாள்.

அன்றைக்குப் பெட்டியின் மேல் ஏறியவர்கள் ஏழு பேர். வழக்கமாகக் குனியாதீங்க என்று சொல்பவள் அன்றைக்குச் சொல்லவில்லை. குனிந்தால் குனியட்டும், அளவு கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் ஆகட்டும் என்று விட்டுவிட்டாள். ஏழு பேரும் ஒழுங்கு மரியாதையாக நேரே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்தொன்பது வருடப் பயிற்சி.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மகளைக் கூப்பிட்டு, போனை நன்றாகத் தள்ளிப் பிடித்துக் காட்டினாள். "சூப்பர்மா! பத்து வயசு குறைஞ்சுட்ட!" என்றாள் மகள். மனசாரத்தான் சொன்னாள். அவள் கண் திரையின் ஓரத்தில் குழந்தை பக்கம் போய்ப் போய் வந்தது. "அப்புறம் பேசறேன்மா, இவன் எதையோ வாயில போட்டுக்கிட்டான்." மொத்தம் இரண்டு நிமிடம். டெய்லரக்கா போனைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். கறுப்புத் திரையில் அவள் புருவம் அழகாகத்தான் தெரிந்தது.

ஆறாம் நாள் பக்கு கட்டியது. அரிப்பு பிராணனை வாங்கியது. கையை மடக்கிப் பின்னால் கட்டிக்கொண்டு படுத்தாள். சொன்னபடி தண்ணீர் படாமல், ஆவி படாமல், மருந்தைப் பஞ்சில் தொட்டு வைத்தாள். பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, குளியலறைக் கண்ணாடியில் பார்த்தபோது வலது புருவத்தில் பக்கு தானாக உதிர்ந்து, அடியில் மென்மையாக முடிக்கோடுகள் தெரிந்தன. ஒன்றுகூட விட்டுப் போகவில்லை. நல்ல தோல். இடது பக்கமும் இப்படியே ஆறிவிடும். ஆறு வாரம் கழித்து இவள் போட்டோ அனுப்புவாள். பிரமாதம், வர வேண்டாம் என்று பதில் வரும். அதோடு கதை முடிந்தது. முகத்தை ஒரு சாண் தூரத்தில் நின்று பார்ப்பதற்கு இந்த உலகத்தில் இன்னொரு ஆள் கிடையாது.

டெய்லரக்கா கட்டைவிரல் நகத்தை இடது புருவத்தின் நடுவில் வைத்தாள்.

அரித்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அரிக்கவில்லை. நன்றாகத் தெரிந்தேதான் செய்தாள். ஒரு ஓரத்தைத் தூக்கி, தையல் பிரிக்கிற அதே நிதானத்தோடு, வரிசையாகப் பிய்த்துக்கொண்டு போனாள். ஒரு விரல் அகலத்துக்கு வந்தது. சுள்ளென்று எரிந்தது, ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. பிய்த்த பக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கழிவறை மூடியின் மேல் உட்கார்ந்தாள். முதலில் திருப்தியாக இருந்தது. அப்புறம் அந்தச் சாம்பல் நிறப் பேன்ட் ஞாபகம் வந்தது.

வரிசையாக, ஒரே மாதிரி அறுந்திருந்த நூல்.

அந்த மனிதர் வீட்டில், மேசை விளக்குக்குக் கீழே, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிளேடைப் பிடித்துப் பேன்ட்டின் அடியை ஒவ்வொரு தையலாக அறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்முன்னே வந்து நின்றது. எதற்கு? குனிந்து நின்று, வாயில் ஊசியோடு தும்மல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பதற்கு. அதைத்தான் அவள் நாலு பேர் முன்னால் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். அன்றைக்கு ஞாயிறு என்பதால் அதை யாரிடமும் சொல்லவும் வழியில்லை.

ஆறு வாரம் கழித்துப் போட்டோ அனுப்பினாள். "இடது பக்கம் விட்டுப் போயிருக்கே. வாங்க" என்று பதில் வந்தது.

இந்தத் தடவையும் நிமிர்ந்து உட்காரவைத்து, என்னையே பாருங்க என்றாள் புருவக்காரி. டெய்லரக்காவால் பார்க்க முடியவில்லை. மேலே இருந்த விளக்கைப் பார்த்தாள். புருவக்காரி பூதக்கண்ணாடியை இழுத்து வைத்து இடது புருவத்தைப் பார்த்தாள். கட்டைவிரலால் அந்த ஒரு விரல் அகலத்தைத் தடவினாள். கை நின்றது.

தொழில் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு பார்வை போதும் என்று டெய்லரக்காவுக்குத் தெரியாதா? தானாக உதிர்ந்தால் அங்கங்கே மங்கும், பிசிறடிக்கும். இது வெட்டி எடுத்த மாதிரி வரிசையாகப் போயிருந்தது. வெளியே சோபாவில் தங்கள் முறைக்காக இரண்டு பெண்கள் உட்கார்ந்து ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. சொல்லட்டும், என்று நினைத்தாள். நான் அன்றைக்கு அவரை நாலு பேர் முன்னால் சொன்னேன் இல்லையா.

புருவக்காரி எட்டிக் கதவைச் சாத்தினாள்.

"தூக்கத்துல கை பட்டிருக்கும்" என்றாள்.

"இருக்கும்மா."

"நிறைய பேருக்குப் படும்."

அவ்வளவுதான். டப்பாவைத் திறந்து நூலை எடுத்தாள். மரத்துப்போகும் க்ரீமைப் பூசினாள். அரைமணி நேரம் போனது. படுத்ததும் டெய்லரக்காவுக்குப் பழையபடி கண்ணோரம் வழிந்தது. இந்தத் தடவை புருவக்காரி வலிக்கிறதா என்று கேட்கவில்லை. பஞ்சை மட்டும் ஒற்றினாள்.

வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சின்ன இடம்தானே. இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பிய்த்திருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியதை டெய்லரக்கா தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள்.

கையுறையைக் கழற்றியபடி புருவக்காரி சொன்னாள்: "அக்கா, இனிமே தூக்கத்துல கை படாம பாத்துக்குங்க. அந்த எடத்துல தோல் ஏற்கெனவே கொஞ்சம் தடிச்சிருக்கு. இன்னொரு தடவ பட்டா தழும்பாயிடும். தழும்பு மேல சாயம் நிக்காது. அப்புறம் நான் நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"சரிம்மா."

"ஒண்ணரை வருஷம் கழிச்சுப் பாக்கலாம்."

அவள் குரலில் கோபம் இல்லை. அன்பு என்று தூக்கிவைத்துச் சொல்லவும் முடியாது. வேலையை ஒழுங்காகச் செய்கிறவள், அவ்வளவுதான். டெய்லரக்கா செருப்பு மாட்டும்போதே கட்டிலில் புதுக் காகிதத்தை விரித்துவிட்டாள். அடுத்த பெண் உள்ளே போனாள். "நேரா உக்காருங்க, என்னையே பாருங்க" என்ற குரல் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. அந்தக் கண்கள் இன்றைக்கு இன்னும் நாலு முகத்தை இப்படிப் பார்க்கும். டெய்லரக்காவுக்கு மட்டுமென்று எழுதி வைத்த பார்வை இல்லை அது. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் படியை மெதுவாகத்தான் இறங்கினாள். ஒண்ணரை வருஷம் என்றால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று கணக்குப் போட்டாள். எழுபத்தெட்டு. கணக்கு வாத்தியாராக இருந்தால் சட்டென்று சொல்லியிருப்பார்.

கடைக்கு வந்தபோது மத்தியான மந்தம். முதலாளி கவுன்டரில் கன்னத்தில் கை வைத்துக் கண்ணயர்ந்திருந்தார். டெய்லரக்கா பின்சுவர்க் கம்பிக்குப் போனாள். கோடியில் தொங்கிய உறையை எடுத்துத் தூசி தட்டினாள். சீட்டில் போன் நம்பர் இருந்தது, ஏழா ஒன்றா என்று குழப்பமே வராதபடி கணக்கு வாத்தியார் கையெழுத்து.

மெஷின் மேல் பேன்ட்டைப் பரப்பி, பிரிக்கிற கொக்கியை எடுத்தாள். இரட்டை நூல். கொக்கி உள்ளேயே போகவில்லை. எவ்வளவு கோபத்தில் தைத்திருக்கிறாள்! ஒவ்வொரு தையலுக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இடது கண்ணைச் சுருக்கி, புதுப் புருவத்தில் மருந்து மினுமினுக்க, ஒரு காலைப் பிரித்து முடிக்கவே கால்மணி ஆனது. நியாயமாக அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னொரு காலையும் எடுத்துக்கொண்டாள். அப்புறம் போனை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு நம்பரை அழுத்தினாள். ஆறு தடவை அடித்தது.

"ஹலோ." பின்னால் டிவி சத்தம்.

"ஐயா, நான் டெய்லர் பேசறேன். சலவைக் கடையிலேர்ந்து."

டிவி சத்தம் நின்றது. வைத்துவிடுவாரோ என்று டெய்லரக்காவுக்குப் பயம் வந்தது. அன்றைக்குச் சொன்னது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். வாய்க்கு வரவில்லை.

"உங்க சாம்பல் கலர் பேன்ட் இங்கயே இருக்குங்கய்யா. நான் தச்சு வச்சிருந்தேன். இப்ப எடுத்துப் பாத்தா... தையல் விட்டுப் போயிருக்கு."

"உங்க தையலா?" என்றார் அவர்.

டெய்லரக்கா முதலாளி பக்கம் பார்த்தாள். தூக்கம் கலைந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

"என் தையல்தாங்கய்யா" என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி. "நீங்க வந்து போட்டுக் காட்டணும். ஆள் நிக்காம அளவெடுக்க முடியாது."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் மூச்சு விட்டார். எதையோ யோசித்து, கண்டுபிடித்து, அதைச் சொல்லாமல் விட்டுவிட முடிவு செய்கிற நேரம் அளவுக்கு ஒன்றும் பேசாமல் இருந்தார்.

"எந்தக் கால்மா?"

"ரெண்டு காலும்."

"அப்ப ரெண்டு தடவ வரணும்போல இருக்கே" என்றார் அரை இஞ்ச்.

"ஆமாங்கய்யா" என்றாள் டெய்லரக்கா. "ஒரு நாளைக்கு ஒரு கால்தான் பாப்பேன்."